புட்டியின் அடியில் மண்டி: வீட்டு ஒயினைத் திரும்பத் தெளிய வைப்பது எப்படி

இங்கே டொராண்டோவில் அக்டோபரில் கான்கார்ட் திராட்சை வாங்கி ஒயின் போட்டேன். கிறிஸ்துமஸுக்குப் பரிமாற வேண்டும் என்ற அவசரத்தில் ஐந்தாவது வாரமே புட்டிகளில் அடைத்துவிட்டேன். விருந்தன்று முதல் மூன்று கோப்பை மாணிக்கம் போல விழுந்தது. நான்காவது கோப்பை ரசத்தின் அடிமண்டி மாதிரி கலங்கி வந்தது. மீதி ஐந்து புட்டியிலும் அதே கதை. அவற்றை எப்படிக் காப்பாற்றினேன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில், நொதித்தல் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். ஒரு புட்டியைத் திறந்து ஹைட்ரோமீட்டரில் (திரவத்தின் அடர்த்தியை, அதாவது மீதமுள்ள சர்க்கரையைக் காட்டும் மிதவைக் கருவி) அளந்தால் 1.000க்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து அளந்தாலும் அதே எண் வர வேண்டும். திறக்கும்போது ‘புஸ்’ என்று வாயு வந்தாலோ, நாக்கில் சோடா போலக் குறுகுறுத்தாலோ, உள்ளே ஈஸ்ட் இன்னும் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் ஏறினால் கண்ணாடி வெடிக்கும். அப்படிப்பட்ட புட்டிகளைத் துண்டில் சுற்றிக் குளிரில் வைத்து, மெதுவாகத் திறந்து, எல்லாவற்றையும் ஒயினை நொதிக்க வைத்த ஜாடிக்கே மாற்றிவிடுங்கள். இதில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

வாயு இல்லையா? சரி. அடியில் இருப்பது பெரும்பாலும் செத்த ஈஸ்டும் பழத்தின் சதைத்துகளும்தான். குடித்தால் கெடுதல் இல்லை. ஆனால் கனமான மண்டியின் மேலேயே மாதக்கணக்கில் கிடந்தால் ஒயினில் அழுகிய முட்டை வாடை ஏறக்கூடும்.

ஒரு புட்டியை இன்று குடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் வேலை சுலபம். இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள். கழுத்துக்குப் பின்னால் கைபேசி விளக்கை எரியவிட்டு, நிறுத்தாமல் ஒரே சரிவில் குடுவைக்குள் இறுத்துங்கள். கடைசியில் புட்டியின் தோளில் புகை இழை போல ஒன்று நெளிந்து வரும். அது கழுத்தை எட்டும் முன் நிறுத்திவிடுங்கள். இடையில் ஒருமுறை நிமிர்த்தினாலும் எல்லாம் கலங்கிவிடும்.

எல்லாப் புட்டிகளையும் சரிசெய்ய வேண்டுமானால் திரும்ப ஜாடிக்கு மாற்றத்தான் வேண்டும். நான் தடுக்கி விழுந்த இடம் இது. முதல் இரண்டு புட்டிகளைக் காபி வடிதாளில் வடித்தேன். ஐந்து நிமிடத்தில் தாள் அடைத்துக்கொண்டது, பிறகு சொட்டுச் சொட்டாக மூன்று மணி நேரம். தெளிவாகத்தான் வந்தது. ஆனால் அத்தனை நேரமும் காற்றுப் பட்டதில் ஊதா நிறம் பழுப்பாகி, திராட்சை மணம் போய், பழைய பேரீச்சம்பழ வாசம் வந்துவிட்டது. ஊரில் அம்மா பரணியிலிருந்து துணியில் வடிப்பார். அது ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும் ஒயின். நாள்பட வைக்கப் போகிற ஒயினுக்குத் தாளும் வேண்டாம், துணியும் வேண்டாம்.

சைஃபன்தான் சரி, அதாவது உயரத்தில் வைத்த புட்டியிலிருந்து தாழ்வாக வைத்த ஜாடிக்குக் குழாய் வழியாக ஒயினைத் தானாக இறங்க விடுவது. கடையில் விற்கும் ஆட்டோ சைஃபன் ஜாடிக்கு அருமை, ஆனால் ஒயின் புட்டியின் கழுத்துக்குள் நுழையாது. 6 மில்லிமீட்டர் ஒளிபுகும் குழாய் ஒன்று வாங்குங்கள். அதை ஒரு மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டுங்கள். குச்சியின் நுனி அடியைத் தொடும்போது குழாயின் வாய் மண்டிக்கு மேலே 2 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் கிருமிநீக்கிக் கரைசலில் அலசிவிட்டு, குழாய் நிறைய ஆறவைத்த கொதிநீரைப் பிடித்து, மறுமுனையைக் கட்டைவிரலால் அடைத்துப் புட்டிக்குள் இறக்குங்கள். விரலை எடுத்ததும் வரும் தண்ணீரை ஒரு கோப்பையில் விட்டுவிட்டு, ஒயின் நிறம் தெரிந்ததும் ஜாடிக்கு மாற்றுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம். வாயிலுள்ள பாக்டீரியா உள்ளே போகும். குழாயின் முனை ஜாடியின் அடியைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும், சலசலப்பே கூடாது.

அப்புறம் 4 லிட்டருக்கு ஒரு காம்ப்டன் மாத்திரையை (ஒயின் கெடாமல் காக்கும் சல்ஃபைட்) பொடித்துக் கரைத்துச் சேர்த்து, ஜாடியைக் கழுத்துவரை நிரப்பி, ஏர்லாக் (வாயு வெளியேறும், காற்று உள்ளே புகாத அடைப்பு) போட்டுக் குளிர்ந்த இடத்தில் ஆறு வாரம் வையுங்கள். குறைகிற அளவுக்கு அதே வகை ஒயினை ஊற்றலாம், தண்ணீர் வேண்டாம். பின்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்து, ஜாடி வழியாக எழுத்தைப் படிக்க முடிந்தால் அடைக்கலாம். அடர் சிவப்பாக இருந்தால் ஒரு கோப்பையில் எடுத்துப் பாருங்கள். இனிப்பு வேண்டுமென்றால், ஈஸ்ட் மறுபடி பெருகாமல் தடுக்கும் பொட்டாசியம் சார்பேட் போட்ட பிறகே சர்க்கரை.

பிற்சேர்க்கை: ‘மண்டி இல்லை, ஆனால் கார்க்கிலும் அடியிலும் கண்ணாடித் தூள் மாதிரி மின்னுகிறது’ என்று ஒருவர் பயந்து எழுதியிருந்தார். கொஞ்சம் எடுத்து வெந்நீரில் போடச் சொன்னேன், கரைந்துவிட்டது. திராட்சையின் டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து குளிரில் படிகமாவதுதான் அது. சமையலறையில் ‘க்ரீம் ஆஃப் டார்டார்’ என்று வைத்திருக்கிறோமே, அதே பொருள். கரையாவிட்டால் உண்மையான கண்ணாடியாக இருக்கலாம், அந்தப் புட்டியைக் கொட்டிவிடுங்கள். படிகமே வேண்டாம் என்றால், அடைப்பதற்கு முன் ஜாடியை இரண்டு மூன்று வாரம் 0 டிகிரியை ஒட்டிய குளிரில் வைத்து, வெளியே எடுத்த உடனே, சூடு ஏறும் முன் சைஃபன் செய்யுங்கள். எனக்கு ஜனவரியில் கராஜ் போதும். மைனஸ் 5க்குக் கீழே போகும் இரவுகளில் மட்டும் உள்ளே கொண்டுவந்துவிடுவேன், உறைந்து ஜாடி விரிசல் விடக்கூடாதே என்று.