ஈர்க்குச்சியும் மாவு உருண்டையும்: அணுவில் தொடங்கிக் கஞ்சி வரை

நம் உடல் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் நான்கே தனிமங்கள்: ஆக்சிஜன் 65, கார்பன் 18.5, ஹைட்ரஜன் 9.5, நைட்ரஜன் 3. சோறு, பருப்பு, எண்ணெய், தோல், முடி எல்லாம் பெரும்பாலும் இந்த நான்கும் கைகோத்து நிற்கும் விதம்தான். ஒவ்வொன்றுக்கும் எத்தனை கை என்று தெரிந்துகொண்டால், புரதம், ஸ்டார்ச் என்று வரும் பெயர்களை மனப்பாடம் செய்யாமலே கையால் கட்டிப் பார்த்துவிடலாம். ஒரு சனிக்கிழமை பிற்பகல் போதும்.

தேவையானவை

மைதா 1 கப், தூள் உப்பு அரை கப், தண்ணீர் அரை கப்புக்குச் சற்றுக் குறைவாக, எண்ணெய் 1 தேக்கரண்டி. பூரி மாவை விடக் கெட்டியாகப் பிசைந்து நான்காகப் பிரியுங்கள். ஒன்றில் கரித்தூள் (கார்பன்), ஒன்றில் குங்குமம் (ஆக்சிஜன்), ஒன்றில் துணிக்குப் போடும் நீலம் இரண்டு சொட்டு (நைட்ரஜன்). நான்காவதை அப்படியே விடுங்கள் (ஹைட்ரஜன்). கறுப்பு, சிவப்பு, நீலம், வெள்ளை என்பது உலகமெங்கும் மூலக்கூறு மாதிரிகளுக்குப் பழகிய நிறங்கள். பிறகு பாடநூல் படத்தைப் பார்த்தாலும் குழம்பாது.

கார்பன் 6, ஆக்சிஜன் 6, நைட்ரஜன் 2 உருண்டைகளை 2.5 செ.மீ. அளவிலும், ஹைட்ரஜன் 12 உருண்டைகளை 1.5 செ.மீ. அளவிலும் உருட்டி, 20 நிமிடம் ஆறவிடுங்கள். உடனே குத்தினால் குச்சி சரியும். ராத்திரி முழுக்க விட்டால் உருண்டை வெடிக்கும்.

குச்சிக்குத் தென்னந்துடைப்பத்து ஈர்க்கை 4 செ.மீ. துண்டுகளாக நறுக்கி 30 வைத்துக்கொள்ளுங்கள். பல்குத்தும் குச்சி வேண்டாம். இரட்டைப் பிணைப்புக்கு (இரண்டு உருண்டைகளை இரண்டு குச்சியால் சேர்ப்பதற்கு) வளைக்கும்போது அது முறியும். ஈர்க்கு வளைந்து கொடுக்கும்.

கைகளை எண்ணுவது

அணுவின் நடுவே அணுக்கரு. அதில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் இருக்கின்றன. வெளியே எலக்ட்ரான்கள். அணுக்கருவைக் கடுகு என்று வைத்தால் அணு ஒரு பெரிய தெப்பக்குளம் அளவுக்கு விரியும். ஆகவே நம் மாவு உருண்டை அணுக்கரு அல்ல. முழு அணுவுக்கும் ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

எத்தனை புரோட்டான் என்பதே அணு எண். தனிமத்தின் பெயரைத் தீர்மானிப்பது அதுதான். மின்சுமை இல்லாத அணுவில் எலக்ட்ரானும் அதே எண்ணிக்கை. தனிம அட்டவணைக் கட்டத்தில் இரண்டு எண்கள் இருக்கும். தொடக்கத்தில் பலரும் பெரிய எண்ணை எடுத்துவிட்டு ஆக்சிஜனுக்கு 16 எலக்ட்ரான் வரைகிறார்கள். 16 என்பது நிறை. அணு எண் சிறியது: 8.

எலக்ட்ரான்களை உள்ளிருந்து நிரப்புங்கள். முதல் கூட்டில் 2 பேருக்குத்தான் இடம், அடுத்ததில் 8 பேருக்கு. ஹைட்ரஜன் 1. கார்பன் 6: உள்ளே 2, வெளியே 4. நைட்ரஜன் 7: 2, 5. ஆக்சிஜன் 8: 2, 6.

வெளிக்கூடு நிரம்ப எத்தனை குறைகிறதோ அத்தனை கை. ஆக்சிஜனுக்கு 2, நைட்ரஜனுக்கு 3, கார்பனுக்கு 4. ஹைட்ரஜனின் கூடு இரண்டிலேயே நிரம்பிவிடும் என்பதால் அதற்கு ஒரே கை. ஒரு குச்சி என்பது இரண்டு அணுக்கள் ஆளுக்கொரு எலக்ட்ரான் போட்டுப் பொதுவில் வைத்துக்கொள்ளும் சகப்பிணைப்பு. பாஸ்பரஸுக்கு இந்தக் கணக்கு மூன்று என்று சொல்லும். ஆனால் உடலில் அது பாஸ்பேட்டாக வரும்போது ஐந்து குச்சி வரைகிறோம். அதனால் இந்தச் சூத்திரத்தை இந்த நான்கு தனிமங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முதலில் தண்ணீரும் மீத்தேனும்

சிவப்பு உருண்டையில் இரண்டு குச்சி, நுனிகளில் இரண்டு வெள்ளை. நேர்கோட்டில் குத்தாதீர்கள், இடைக்கோணம் 104.5°, செங்கோணத்தை விடக் கொஞ்சம் அகலம். இந்த வளைவு இருப்பதால்தான் தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று எதிர்மின் சாயலும் மறுபக்கம் நேர்மின் சாயலும் பெறுகிறது. உப்பு கரைவதற்கும் எண்ணெய் ஒட்டாமல் மிதப்பதற்கும் வேர் இங்கே இருக்கிறது.

அடுத்து ஒரு கறுப்பில் நான்கு குச்சி. இங்கே எல்லோரும் செய்யும் பிழை, கூட்டல் குறி போலத் தட்டையாகக் குத்துவது. காகிதத்தில் அப்படித்தான் வரைகிறோம், ஆனால் கார்பன் அப்படி நிற்பதில்லை. மூன்று குச்சிகளை முக்காலிக் கால்களாகப் பரப்பி, நான்காவதை நேர் மேலே குத்துங்கள். எந்தப் பக்கம் புரட்டி வைத்தாலும் ஒரே மாதிரி நின்றால் கோணம் சரி (109.5°). நான்கு வெள்ளை மாட்டினால் மீத்தேன். சாண எரிவாயுக் கலனிலிருந்து அடுப்புக்கு வருவதில் பெரும்பகுதி இதுதான்.

கிளைசின்: மிகச் சிறிய அமினோ அமிலம்

நீலம், கறுப்பு, கறுப்பு மூன்றையும் வரிசையாகக் கோத்துக்கொள்ளுங்கள். நீலத்தில் மீதி இரண்டு கைக்கு இரண்டு வெள்ளை. நடுக் கறுப்புக்கும் இரண்டு வெள்ளை. கடைசிக் கறுப்பில் ஒரு சிவப்பை இரண்டு ஈர்க்கை வளைத்து மாட்டுங்கள்; இது இரட்டைப் பிணைப்பு. மீதி ஒரு கையில் இன்னொரு சிவப்பு, அதன் நுனியில் ஒரு வெள்ளை.

இப்போது சரிபார்ப்பு. எல்லா அணுக்களின் கைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் குச்சிகளின் எண்ணிக்கை வர வேண்டும். கார்பன் 2 × 4 = 8, ஹைட்ரஜன் 5, நைட்ரஜன் 3, ஆக்சிஜன் 2 × 2 = 4. மொத்தம் 20, பாதி 10. உங்கள் மாதிரியில் 9 குச்சி இருந்தால், பெரும்பாலும் இரட்டைப் பிணைப்பில் ஒன்றைத்தான் குத்தியிருப்பீர்கள். இந்தக் கணக்கு மட்டும் பழகிவிட்டால், தேர்வில் அமைப்பு வரையும்போது பாதிப் பிழை தானாகவே மாட்டும்.

நடுக் கறுப்பில் உள்ள ஒரு வெள்ளையைக் கழற்றி, அங்கே ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் வைத்தால் அலனின். நம் புரதங்களைக் கட்டும் 20 வகை அமினோ அமிலங்களும் பெரும்பாலும் வேறுபடுவது இந்த ஓரிடத்தில்தான்.

இரண்டைச் சேர்க்க, தண்ணீரை வெளியேற்றுங்கள்

இரண்டாவது கிளைசினும் செய்து பக்கத்தில் வையுங்கள். முதலாவதின் கடைசிக் கறுப்பில் ஒற்றைக் குச்சியில் நிற்கும் சிவப்பு–வெள்ளை ஜோடியைக் கழற்றுங்கள். இரண்டாவதின் நீலத்திலிருந்து ஒரு வெள்ளையை எடுங்கள். காலியான கறுப்பையும் காலியான நீலத்தையும் ஒரு குச்சியால் சேருங்கள். இதுவே பெப்டைடு பிணைப்பு. கழற்றியவற்றை ஒட்டுங்கள்: தண்ணீர். முன்பு 20 அணு, 20 குச்சி. இப்போது 17 அணு 18 குச்சி ஒருபக்கம், 3 அணு 2 குச்சி மறுபக்கம். எதுவும் தொலையவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நம் ஈர்க்கு பொய் சொல்கிறது. மாதிரியில் பெப்டைடு குச்சியைத் திருகினால் திரும்பும். உண்மையில் அதற்குப் பாதி இரட்டைப் பிணைப்பின் குணம் உண்டு, எளிதில் திரும்பாது. அதன் இரு பக்கக் குச்சிகள் திரும்பும். அவற்றைத் திருகிப் பாருங்கள்: சில நிலைகளில் உருண்டைகள் ஒன்றோடொன்று இடிக்கும், சில நிலைகளில் தாராளமாக இடமிருக்கும். எந்தத் திருகல்களுக்கு இடமுண்டு என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் கணக்கிட்டு 1963இல் வெளியிட்ட வரைபடம்தான் இராமச்சந்திரன் வரைபடம். புதிதாகக் கண்டறியும் புரத அமைப்புகளை இன்றும் அதில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

குளுக்கோஸ் வளையம்

எல்லாவற்றையும் பிரித்து உருண்டைகளை மீட்டுக்கொள்ளுங்கள். நீலம் இரண்டும் ஓரமாக இருக்கட்டும். ஐந்து கறுப்பு, ஒரு சிவப்பு: ஆறு முனை வளையமாகக் கோத்து மேசையில் படுக்க வையுங்கள். சிவப்பு வலப்பக்கப் பின்மூலையில் இருக்கட்டும். அதை அடுத்து வலக்கோடியில் இருப்பது கார்பன் 1. அங்கிருந்து கடிகாரச் சுற்றில் 2, 3, 4, 5. ஆறாவது கறுப்பு வளையத்துக்குள் வராது. ஐந்தாவதின் தலைமேல் நிற்கும்.

1, 2, 4 மூன்றிலும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் ஜோடி கீழ்நோக்கி, 3இல் மேல்நோக்கி. எதிர்ப்பக்கக் கையில் வெறும் வெள்ளை. 5இல் கீழே ஒரு வெள்ளை. 6இல் இரண்டு வெள்ளையும் ஒரு ஜோடியும். உருண்டை 24, குச்சியும் 24. 4ஆவது இடத்தில் ஜோடியை மேலே வைத்துவிட்டால் அது குளுக்கோஸ் அல்ல, பால் சர்க்கரையில் பாதியாக இருக்கும் காலக்டோஸ்.

இப்போது 1இன் ஜோடியை மட்டும் மேலே மாற்றுங்கள். இது பீட்டா குளுக்கோஸ், முன்னது ஆல்ஃபா. ஆல்ஃபா வளையங்கள் 1–4 என்று (ஒன்றின் கார்பன் 1 அடுத்ததின் கார்பன் 4 பக்கம் வர) சங்கிலியாகக் கோத்தால் அரிசியில் இருக்கும் ஸ்டார்ச். பீட்டா வளையங்கள் கோத்தால் வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸ். ஒரே நெற்பயிரின் மணி நமக்கு, தாள் மாட்டுக்கு என்று பிரித்துவைத்தது இந்த ஒரு கையின் திசை. மாட்டுக்கும் அதைச் செரிக்க இரைப்பை நுண்ணுயிர்களின் தயவு வேண்டும்.

இங்கேயும் இணையும்போது வெளியேறுவது தண்ணீர்தான். குளுக்கோஸ் நிறை 180. இரண்டு சேர்ந்த மால்டோஸ் 360 அல்ல, 342. கொழுப்பிலும் அதே கதை: கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர மூன்று தண்ணீர் வெளியேறும். டி.என்.ஏ. இழையின் கண்ணிகளும் இதே கணக்கில்தான் சேர்கின்றன. அதைக் கட்ட இந்த உருண்டைகள் பற்றாது.

திருப்பித் தண்ணீர் கொடுத்தால்: கஞ்சிச் சோதனை

சேர்க்கத் தண்ணீர் போனால், பிரிக்கத் தண்ணீர் வர வேண்டும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி ஸ்டார்ச்சுக்குச் செய்வது அதைத்தான்.

1. சோறு வடித்த கஞ்சி 1 தேக்கரண்டியை 100 மி.லி. தண்ணீரில் கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றுங்கள். உப்புப் போடாத கஞ்சி.
2. மருந்துக்கடைப் போவிடோன் அயோடின் கரைசலைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, பால் விடாத தேநீர் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள்.
3. வாயைக் கொப்புளித்துவிட்டு, 1 தேக்கரண்டி தண்ணீரை ஒரு நிமிடம் வாயில் சுழற்றி ஒரு கிண்ணத்தில் துப்புங்கள்.
4. இரண்டு டம்ளரில் தலா 2 தேக்கரண்டி கஞ்சி. ஒன்றில் அந்த உமிழ்நீர், மற்றதில் அதே அளவு வெறும் தண்ணீர். இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்துங்கள். 37° அளவு நல்லது.
5. வெள்ளைத் தட்டில் அயோடின் சொட்டுகளை வரிசையாக வைத்து, 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டம்ளரிலிருந்தும் ஒரு சொட்டு விடுங்கள்.

வெறும் தண்ணீர் டம்ளர் கடைசிவரை கருநீலம் காட்டும். உமிழ்நீர் டம்ளரின் சொட்டு கருநீலத்திலிருந்து ஊதாவுக்கும், செம்பழுப்புக்கும் இறங்கி, கடைசியில் அயோடினின் சொந்த நிறத்திலேயே நிற்கும். ஸ்டார்ச் சங்கிலி சுருள் படிக்கட்டு போலச் சுற்றியிருக்கிறது. அந்தச் சுருளுக்குள் அயோடின் அடைந்தால்தான் நீலம். சங்கிலி துண்டானால் அடைய இடமில்லை.

நிறம் மாறவே இல்லையா? கஞ்சி அதிகக் கெட்டி, அல்லது கொதிக்கக் கொதிக்க உமிழ்நீர் விட்டு நொதியைக் கெடுத்துவிட்டீர்கள். அயோடினை டம்ளருக்குள்ளேயே ஊற்றினாலும் நொதி சரியாக வேலை செய்யாது. தட்டில்தான் கலக்க வேண்டும். முதல் சொட்டிலேயே நீலம் வரவில்லை என்றால் கஞ்சி இன்னும் சூடாக இருக்கிறது. சுருள் சூட்டில் நெகிழும், ஆறினால் நீலம் திரும்பும். எலுமிச்சை பிழிந்த கையோடு தொடாதீர்கள், வைட்டமின் சி அயோடினின் நிறத்தையே அழித்துவிடும். அயோடின் உப்பைத் தூவினால் நீலம் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. வராது. அதில் இருப்பது அயோடேட், தனி அயோடின் அல்ல.

மூன்றாவதாக ஒரு டம்ளர் வைத்து, உமிழ்நீரை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆற்றி விட்டுப் பாருங்கள். அதுவும் நீலமாகவே நின்றால், உமிழ்நீர் டம்ளரில் வேலை பார்த்தது நொதிதான் என்று உறுதி. அயோடின் பட்ட தட்டை உடனே கழுவிவிடுங்கள். கஞ்சியைக் குடிக்க வேண்டாம், தோட்டத்தில் கொட்டிவிடலாம்.