வீட்டிலேயே டைனோசர் ட்ரம்ப் கார்டு செய்யலாம் வாங்க (18 கார்டுக்கு 2 ஏ4 ஷீட் போதும்)

ரெஸ்லிங் ட்ரம்ப் கார்டு ஞாபகம் இருக்கா, ரேங்க், ஹைட்டு, செஸ்ட்டு, பைசெப்ஸுன்னு தெருத் திண்ணையில உக்காந்து கத்திக்கிட்டு இருப்போமே, அதே ஆட்டத்தை டைனோசர் வெச்சு பிள்ளைங்களோட சேர்ந்து செய்யறதுதான் இந்தப் பதிவு. கடையில ரெடிமேடா கிடைக்குது, இல்லைன்னு சொல்லல. ஆனா பல செட்டுல "வேகம் 92, கொலைவெறி 88"ன்னு வாய்க்கு வந்த நம்பரா இருக்கும், இந்திய டைனோசர் ஒண்ணுகூட இருக்காது. 6 வயசுலேர்ந்து 11, 12 வயசு வரைக்கும் இது நல்லா செட் ஆகும்.

தேவையானது: 250 இல்லேன்னா 300 ஜிஎஸ்எம் கெட்டி வெள்ளைப் பேப்பர் ஏ4 சைஸ்ல 2 (கூட ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, தப்பு வரும்), ஸ்கேல், பென்சில், கலர் பென்சில், கருப்பு ஜெல் பேனா, கத்தரிக்கோல், க்ளூ ஸ்டிக், ஒரு டைஸ். டைஸ் எதுக்குன்னு பின்னாடி சொல்றேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிக்கலாமேன்னு தோணும், வேண்டாம், பின்பக்கம் ஒவ்வொண்ணும் ஒரு டிசைன்ல இருந்தா எந்த கார்டு யார் கையில இருக்குன்னு ரெண்டாவது ஆட்டத்துலயே பசங்க கண்டுபிடிச்சுடுவாங்க.

ஸ்டெப் 1: கட்டம் போடறது

ஒரு கார்டு 6 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம். ஒரு ஏ4-ல மூணு வரிசை, வரிசைக்கு மூணு, ஆக 9 கார்டு. ரெண்டு ஷீட்டுக்கு 18. ரெண்டு பேர் ஆடினா ஆளுக்கு 9, மூணு பேருன்னா ஆளுக்கு 6, கணக்கு சரியா வந்துடும். கார்டோட மேல் பாதி படத்துக்கு, கீழ் பாதி நம்பருக்கு.

ஸ்டெப் 2: யாரை சேர்க்கறது, யாரைக் கழட்டி விடறது

முதல்ல வீட்ல இருக்கற பிளாஸ்டிக் டைனோசர் பாக்கெட்டைக் கொட்டிப் பாருங்க. அதுல முதுகுல பாய்மரம் மாதிரி ஒண்ணு நாலு காலையும் பரப்பிக்கிட்டு நிக்குதா, அது டைமெட்ரோடான், டைனோசரே கிடையாது, டைனோசர் வர்றதுக்கு பல கோடி வருஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்தது. றெக்கையோட இருக்கற டெரனோடான் டைனோசர் இல்ல. கடல்ல நீந்தற மோசாசரஸும் இல்ல. இதையெல்லாம் தனியா எடுத்து வெச்சுடுங்க, "அப்போ இது என்ன?"ன்னு பிள்ளை கேட்கும், கேட்கட்டும்.

நான் சொல்ற லிஸ்ட்: டி-ரெக்ஸ், ட்ரைசெராடாப்ஸ், ஸ்டெகோசரஸ், அலோசரஸ், டிப்ளோடோகஸ், பிராக்கியோசரஸ், ஸ்பைனோசரஸ், வெலாசிராப்டர், அங்கைலோசரஸ், பாராசாரோலோபஸ், மெகலோசரஸ், இகுவானோடான், காம்சோக்னதஸ். இதோட நம்ம ஊர் ஆளுங்க 5 பேர்: பராபாசரஸ், கோட்டாசரஸ், ஐசிசாரஸ், ராஜாசரஸ், பிருகத்காயோசரஸ். பராபாசரஸ் எலும்புக்கூடு கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துல நிக்குது, கோட்டாசரஸ் ஹைதராபாத் பிர்லா அறிவியல் மியூசியத்துல. ராஜாசரஸ் குஜராத்துல ரஹியோலிங்கிற ஊர்ல கிடைச்சது. கடைசி ஆள் அரியலூர் பக்கம் கல்லமேட்டுக்காரர், அவருக்கு தனி ரூல் இருக்கு.

ஸ்டெப் 3: நம்பர் (இங்கதான் ஆட்டமே இருக்கு)

நிதானமா படிங்க. அஞ்சு பிரிவு போடுங்க: நீளம், எடை, காலம் (எத்தனை கோடி வருஷம் முன்னாடி வாழ்ந்தது), பேர் வெச்ச வருஷம், பயங்கர மார்க்.

வெறும் நீளமும் எடையும் வெச்சா டிப்ளோடோகஸ், பிராக்கியோசரஸ் வெச்சிருக்கறவன் சும்மா ஜெயிச்சுக்கிட்டே இருப்பான், பத்து நிமிஷத்துல இன்னொருத்தன் கார்டைத் தூக்கி எறிஞ்சுட்டுப் போயிடுவான். அதனாலதான் பேர் வெச்ச வருஷம்னு ஒரு பிரிவு, அதுல எது பழசோ அது ஜெயிக்கும். உதாரணத்துக்கு காம்சோக்னதஸை எடுத்துக்கோங்க, நீளம் 1 மீட்டர் பக்கம், எடை கோழி அளவு, யார்கிட்ட மோதினாலும் தோக்கும். ஆனா பேர் வெச்சது 1859, நம்ம செட்டுல அதைவிடப் பழசு ரெண்டே ரெண்டுதான், 1824-ல பேர் வெச்ச மெகலோசரஸ், 1825 இகுவானோடான். "டைனோசர்"ங்கிற வார்த்தையை ரிச்சர்ட் ஓவன் உருவாக்கினதே 1842-லதான், இந்த ரெண்டும் அதுக்கும் முன்னாடி. இப்படி குட்டிக் கார்டுக்கும் ஒரு ஆயுதம் இருக்கணும்.

டி-ரெக்ஸ் கதை இதுக்கு நேர் எதிர். 12 மீட்டர், 8 டன்னு கெத்தா இருக்கும், ஆனா பேர் வெச்சது 1905, வாழ்ந்தது 6.7 கோடி வருஷம் முன்னாடி. ஸ்டெகோசரஸ் 15 கோடி! அதாவது ஸ்டெகோசரஸுக்கும் டி-ரெக்ஸுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி, டி-ரெக்ஸுக்கும் நமக்கும் இருக்கறதைவிடப் பெருசு. இதை நீங்க பாடமா நடத்தத் தேவையில்ல, "காலம்"னு சொல்லி ஒருத்தன் ஸ்டெகோசரஸைப் போட்டு டி-ரெக்ஸைப் பிடுங்கிக்கிட்டா அவனுக்கே மண்டையில ஏறிடும்.

இன்னும் சில நம்பர், எல்லாமே சுமார்தான்: டிப்ளோடோகஸ் 26 மீட்டர், 15 கோடி, 1878. ட்ரைசெராடாப்ஸ் 8 மீட்டர், 1889. வெலாசிராப்டர் 2 மீட்டர், 7.5 கோடி, 1924, எடை 15 கிலோதான், சினிமாவை நம்பி 100 கிலோன்னு எழுதிடாதீங்க. ஸ்பைனோசரஸ் 14 மீட்டர், 1915. பராபாசரஸ் 14 மீட்டர், 18 கோடி, 1975. கோட்டாசரஸ் 9 மீட்டர், அதுவும் 18 கோடி, 1988. ஐசிசாரஸ் 18 மீட்டர், 2003. ராஜாசரஸ் 6.6 மீட்டர், 6.7 கோடி, அதுவும் 2003. மத்ததை பிள்ளைங்களையே தேடச் சொல்லுங்க.

தேடும்போது ஒரு புத்தகத்துல 9 மீட்டர், இன்னொண்ணுல 7-ன்னு இருக்கும். முக்கால்வாசி டைனோசருக்கு முழு எலும்புக்கூடே கிடைக்கல, எடையைக் கால் எலும்போட தடிமனை வெச்சு ஒருத்தர் கணக்கு போடுவார், உடம்பு மாடல் செஞ்சு இன்னொருத்தர் போடுவார். சண்டை வேண்டாம், புது புத்தகம் எதுவோ அதுல இருக்கறதை எழுதிட்டு பக்கத்துல "சுமார்" போட்டுடுங்க. லைப்ரரி புத்தகம்னா அச்சடிச்ச வருஷம் பாருங்க, பழைய புத்தகத்துல பிரான்டோசரஸ்னு ஒண்ணு தனியா இல்லவே இல்லைன்னு இருக்கும், 2015-ல வந்த ஆய்வு அதைத் திரும்ப கொண்டுவந்துடுச்சு.

மேல பார்த்தீங்கன்னா பாவம் ராஜாசரஸ், நீளமும் இல்ல, பழசும் இல்ல, எதுலயும் பெருசா ஜெயிக்காது. அதுக்குத்தான் பயங்கர மார்க். இது 10-க்கு, வீட்ல எல்லாரும் ஓட்டு போட்டு முடிவு பண்றது, ஆராய்ச்சி இல்ல, நம்ம அபிப்பிராயம், அதனால இந்த நம்பரை மட்டும் வேற கலர்ல எழுதுங்க. ராஜாசரஸுக்கு தலையில கொம்பு இருக்கு, கறி தின்னும், தாராளமா 10 போடலாம். காம்சோக்னதஸுக்கும் 10 கேட்டு ஒரு பொடிசு அழும், விடாதீங்க.

ஸ்டெப் 4: பிருகத்காயோசரஸ் கார்டு

இதோட எலும்பு கல்லமேட்டுல கிடைச்சு 1987-ல பேர் வெச்சாங்க. பிரம்மாண்டமான எலும்பு, ஆனா ரொம்ப உதிர்ற நிலையில இருந்ததால பாதுகாக்க முடியாம சிதைஞ்சே போச்சு, இப்போ பழைய படங்களும் குறிப்பும்தான் மிச்சம். எவ்ளோ பெருசுன்னு இன்னைக்கும் வாக்குவாதம் ஓடுது. அதனால நீளம் இருக்கற இடத்துல கேள்விக்குறி போடுங்க. இந்த கார்டு வந்தா டைஸை உருட்டணும், விழற நம்பரை 7-ஆல பெருக்கினா அதான் அந்த ரவுண்டுக்கு மீட்டர். 6 விழுந்தா 42 மீட்டர், எல்லாரும் காலி. 1 விழுந்தா 7 மீட்டர், ட்ரைசெராடாப்ஸ்கிட்டகூட தோத்துடும். ஏழாம் வாய்ப்பாடும் ஓசியில மனப்பாடம் ஆகுது.

ஸ்டெப் 5: படம்

பிள்ளைங்களே வரையட்டும், பிளாஸ்டிக் பொம்மையைப் பக்கத்துல வெச்சு விளிம்பை வரைஞ்சாலே போதும். ரெண்டு விஷயம் மட்டும் திருத்துங்க. டி-ரெக்ஸ் வாலைத் தரையில இழுத்துக்கிட்டு கங்காரு மாதிரி நிமிர்ந்து நிக்கறது பழைய பாணி, முதுகும் வாலும் தரைக்கு இணையா ஒரே கோட்டுல வரணும். வெலாசிராப்டருக்கு இறகு போடுங்க, அதோட கை எலும்புல இறகு பதிஞ்ச முடிச்சு இருந்ததை 2007-ல காட்டிட்டாங்க.

கலர் பென்சில்தான் யூஸ் பண்ணணும். க்ரேயான் வேண்டாம், லேமினேஷன் சூட்டுல மெழுகு உருகி நம்பர் மேலயே வழியும்.

ஸ்டெப் 6: வெட்டி லேமினேஷன்

ஷீட்டை முழுசா லேமினேட் பண்ணிட்டு வெட்டினா ஓரம் திறந்தே இருக்கும், ஜூஸ் கையோட பிடிச்சா ஒரே வாரத்துல உரிஞ்சு வந்துடும். முதல்ல கார்டை வெட்டுங்க, ஏ4 லேமினேஷன் கவருக்குள்ள கார்டுக்கு கார்டு அரை செ.மீ. இடம் விட்டு அடுக்குங்க (9 கார்டு கச்சிதமா பிடிக்கும்), நகராம இருக்க ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி துளி க்ளூ, அப்புறம் ஜெராக்ஸ் கடைக்காரர்கிட்ட கொடுங்க. வெட்டும்போது சுத்தி 2 மி.மீ. பிளாஸ்டிக் ஓரம் விட்டுடுங்க. மூலை குத்தும், நெயில் கட்டர் வெச்சு மழிச்சுடலாம்.

ஸ்டெப் 7: ஆடறது

கார்டைக் கலைச்சுப் பங்கு போட்டு, அவங்கவங்க மேல் கார்டை மட்டும் பார்க்கணும். முதல் ஆள் ஒரு பிரிவைச் சொல்லுவார், ஜெயிச்சவருக்கு எல்லா மேல் கார்டும், அடுத்த டர்னும் அவருக்கே. ராஜாசரஸும் ஐசிசாரஸும் வருஷத்துல மோதினா ரெண்டும் 2003, டை. அப்போ ரெண்டையும் நடுவுல வெச்சுட்டு அடுத்த ரவுண்டு ஜெயிக்கறவர் அள்ளிக்கலாம். படிக்கத் தெரியாத குட்டிப் பிள்ளை இருந்தா பெரியவங்க ஒருத்தர் ஜோடி சேர்ந்துக்கோங்க, பயங்கர மார்க்கை மட்டும் வெச்சே அது ஆடும்.