பி.எஸ்சி. நர்சிங் முதல் வருடம்: வார்டில் பார்த்ததை அன்றே படிக்கும் முறை

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் அரசு நர்சிங் கல்லூரியில் சேருபவர்களுக்கு முதல் செமஸ்டரே கனமானது. அனாட்டமி, பிசியாலஜி, சோசியாலஜி, சைக்காலஜி, ஆங்கிலம், கூடவே நர்சிங் ஃபவுண்டேஷன். 2021-இல் வந்த பாடத்திட்டத்தில் நான்கு வருடமும் எட்டு செமஸ்டராகிவிட்டது. கடைசி மாதத்தில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் இன்டர்னலிலேயே (கல்லூரி தரும் மதிப்பெண்) மார்க் போய்விடும். தியரிக்கு இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. தியரியிலும் பிராக்டிகலிலும் தனித்தனியே 50 சதவீதம் எடுக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு 40 போதும்.

படிக்க நாங்கள் சொல்லும் வழி ஒன்றுதான்: வார்டுக்குப் போன நாளில் ஒரே ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து, அவரை வைத்து அன்று மாலையே புத்தகத்தைத் திறப்பது.

சட்டைப்பையில் அடங்கும் சின்ன நோட்டு போதும். பெயர், படுக்கை எண் எழுதக் கூடாது. வயது, ஆணா பெண்ணா என்பது மட்டும். அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன பார்த்தீர்கள், என்ன மருந்து போகிறது என்று மூன்று வரி. உதாரணமாக 62 வயது ஆண், இதயச் செயலிழப்பு. "படுத்தா மூச்சு முட்டுது சிஸ்டர்" என்கிறார், மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருக்கிறார், கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறது, ஃப்ரூசமைடு (உடலில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து) ஊசி போகிறது. மாலையில் இதய அறைகளும் நுரையீரல் ரத்த ஓட்டமும் உள்ள அத்தியாயத்தைப் படியுங்கள். இடப்பக்க இதயம் தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்குவதால்தான் நுரையீரலில் நீர் கோக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. அவருக்கு ஏன் தினமும் எடை பார்க்கிறார்கள், ஏன் குடித்ததையும் சிறுநீரையும் அளந்து எழுதுகிறார்கள் என்பதற்கும் அதே பக்கத்தில் பதில் இருக்கும். இப்படிப் படித்தது வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மறக்காது.

கேர் பிளானில், அதாவது நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத்தில், அதிகம் நடக்கும் தப்பு, டாக்டரின் நோய்ப்பெயரை அப்படியே நர்சிங் டயக்னோசிஸாக (நர்ஸ் கவனிக்க வேண்டிய பிரச்சினையாக) எழுதுவது. மேலே சொன்னவருக்கு "ஹார்ட் ஃபெயிலியர்" என்று எழுதினால் மார்க் கிடைக்காது. "எக்சஸ் ஃப்ளூயிட் வால்யூம்" (உடலில் நீர் அதிகம்) என்று எழுதி, காரணத்தையும், கண்ணால் கண்ட அடையாளங்களான கால் வீக்கம், எடை ஏற்றம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். இலக்கும் அளக்கக்கூடியதாக இருக்கட்டும். "நோயாளி நலமடைவார்" என்பதை எப்படி அளப்பது?

தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். பின்னொட்டுகளில் ஆரம்பியுங்கள்: "ஐட்டிஸ்" என்றால் அழற்சி, "எக்டமி" என்றால் அறுத்து எடுப்பது, "ஆஸ்டமி" என்றால் அறுவை செய்து உடலுக்கு வெளியே திறப்பு அமைப்பது. இருபது பின்னொட்டு தெரிந்தால் பாதிப் பக்கம் புரியும். உங்களிடம் உள்ள தமிழோ வார்டில் பெரிய சொத்து. "நெஞ்சு கரிக்குது" என்பதும் "நெஞ்சை அடைக்குது" என்பதும் வேறு வேறு. அடைக்கிறது என்று சொன்னால் அந்த நிமிடமே ஸ்டாஃப் நர்சிடம் போக வேண்டும். "நீர்க்கடுப்பு", "வயித்தால போகுது" என்று அவர்கள் சொன்ன சொல்லையே நோட்டில் எழுதி, எதிரே மருத்துவச் சொல்லை எழுதிப் பழகுங்கள்.

பி.பி. பார்ப்பதில் அவசரம் வேண்டாம். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையை இதய மட்டத்தில் தாங்கி, முழங்கை மடிப்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே கஃப் (காற்றடிக்கும் பட்டை) கட்டுங்கள். முதலில் நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடித்து, நாடி மறையும் அளவைப் பாருங்கள். காற்றை முழுதும் இறக்கிவிட்டு, அரை நிமிடம் கழித்து அதற்கு மேல் 30 வரை ஏற்றி, ஸ்டெதாஸ்கோப்பில் சத்தத்தைக் கேட்டபடி நொடிக்கு 2-3 மில்லிமீட்டர் வீதம் இறக்குங்கள். தொட்டுப் பார்க்கும் படியை விட்டால், சிலருக்கு நடுவில் சத்தம் நின்று மறுபடி வரும் இடைவெளியில் ஏமாந்து, 180-ஐ 140 என்று எழுதிவிடுவோம். பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். மூச்சு எண்ணும்போது நாடி பிடித்த கையை எடுக்காமல், சொல்லாமல் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும்.

மருந்துக் கணக்கு தினமும் குறைந்தது இரண்டு போடுங்கள். 500 மில்லி டிரிப்ஸ் 4 மணி நேரத்தில் போக வேண்டும், செட் (டிரிப்ஸ் இறங்கும் குழாய்) மில்லிக்கு 20 சொட்டு என்றால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க வேண்டும்: நிமிடத்துக்கு 42 சொட்டு. மைக்ரோ செட்டில் (சிறு சொட்டாக விழும் செட்) மில்லிக்கு 60 சொட்டு. செட் உறையைப் படிக்காமல் கணக்குப் போடாதீர்கள்.

இன்சுலினில் மிகவும் கவனம் வேண்டும். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் உண்டு, 100 யூனிட் குப்பியும் உண்டு. சிரிஞ்சும் அதனதற்குத் தனி. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அரை மில்லி, அதாவது 50 யூனிட் போய்விடும். சர்க்கரை சரிந்து நோயாளி மயங்குவார். குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணைப் படித்த பிறகே இழுங்கள், இன்னொருவரிடம் காட்டுங்கள்.

சேர்ந்ததும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள்: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று ஊசி. வார்டில் நோயாளிக்குப் போட்ட ஊசிக்கு மறுபடி மூடி போடாமல் வெள்ளைப் பெட்டியில் போடுங்கள். டிரிப்ஸ் செட் சிவப்புப் பையில், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில், கண்ணாடிக் குப்பி நீலப் பெட்டியில். கையில் குத்திவிட்டால் அழுத்திப் பிழியாமல் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். திட்டு விழும் என்று மறைப்பவர்கள் இந்த நேரத்தைத்தான் இழக்கிறார்கள்.

தேர்வு எழுத 80 சதவீத வருகை போதும் என்று போஸ்டிங்கில் (வார்டுப் பயிற்சியில்) லீவு எடுப்பவர்கள் உண்டு. பட்டம் வாங்குவதற்கு முன் கிளினிக்கலில் 100 சதவீதம் முடித்தாக வேண்டும். விட்ட மணி நேரத்தை மாதாமாதம் லாக் புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) கூட்டி, டியூட்டரிடம் கையெழுத்தையும் அந்த வாரமே வாங்கிவிடுங்கள்.