கடல் காக்க வெளிநாடு செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி முதல் மார்ச் வரை வெள்ளி, சனி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் மணலில் ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கும். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) முட்டையிட்டுச் சென்ற தடத்தைத் தேடி நடப்பவர்கள் அவர்கள். கடலாமைப் பாதுகாப்புக்கான மாணவர் அமைப்பு ஒன்று 1988 முதல் இந்த நடையை நடத்தி வருகிறது. பல பருவங்கள் நானும் நடந்திருக்கிறேன். கூட வரும் இளைஞர்களில் ஒருவராவது விடியற்காலைத் தேநீரின்போது கேட்பார்: "அக்கா, வெளிநாட்டில் இதுபோன்ற தொண்டுக்குப் போக வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்?"

கோஸ்டாரிகா, தாய்லாந்து, இந்தோனேசியா, மாலத்தீவு என்று அவர்கள் கைப்பேசியில் படங்கள் இருக்கும். காலையில் பவளப்பாறை, மாலையில் அலைச்சறுக்கு, வார இறுதியில் மலையேற்றம். நல்ல ஆசைதான், நானும் அந்த ஆசையோடு போனவள்தான். ஆனால் போகும் வழியில் செய்யக்கூடிய தவறுகள் சிலவற்றுக்குப் பணம் விலை, சிலவற்றுக்கு உயிர் விலை. இன்னும் சிலவற்றுக்குக் கடல் விலை கொடுக்கிறது. அவை பற்றித்தான் என் கவலை அதிகம்.

மனம் இருந்தால் போதும் என்று நினைப்பது

இந்தத் திட்டங்களில் பெரும்பாலும் தொண்டர்தான் பணம் கட்ட வேண்டும். அதில் தவறில்லை. சோறு, தங்குமிடம், படகுக்கு டீசல் என்று எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. கேட்க வேண்டியது வேறு: நான் செய்யப் போகும் வேலை யாருக்குத் தேவை?

தென்கிழக்கு ஆசியத் தீவு ஒன்றில் நான்கு வாரம் இருந்தேன். முதல் வாரம் முழுவதும் காற்றுக் குடுவையோடு கடலில் மூழ்கப் பழகினோம். அடுத்த இரண்டு வாரம் நீருக்கடியில் மீன்களை எண்ணி அட்டையில் குறித்தோம். எங்களில் பாதிப்பேருக்குக் கிளிமீனுக்கும் வண்ணத்திமீனுக்கும் வேறுபாடு தெரியாது. கடைசி நாளில், இந்தக் கணக்கு எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது என்று கேட்டேன். யாரிடமும் பதில் இல்லை. அட்டைகள் ஒரு அட்டைப்பெட்டியில் ஈரம் ஏறிக் கிடந்தன. அந்தப் பெட்டி இன்னும் என் நெஞ்சை உறுத்துகிறது.

ஒழுங்காக நடக்கும் இடங்களும் உண்டு. 1996-ல் தொடங்கிய ரீஃப் செக் என்ற பன்னாட்டு அமைப்பு பவளப்பாறைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்களைப் பழக்குகிறது. உயிரினங்களை அடையாளம் காணும் தேர்வில் தேறியவரின் குறிப்பைத்தான் அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். இப்படி உங்களைச் சோதித்துப் பார்க்கும் திட்டத்தை நம்பலாம். பணம் கட்டினால் போதும், எந்தத் தகுதியும் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். பதிவு செய்யும் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள்: ஆய்வை வடிவமைத்தவர் யார்? தரவு யாருக்குப் போகிறது? உள்ளூர்க்காரர் எத்தனை பேர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள்? தொண்டர்கள் வராத மாதங்களில் வேலை நடக்கிறதா?

பவளம் நடும் திட்டங்களுக்கு இதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். நீருக்குள் மேலேயும் போகாமல் கீழேயும் அமிழாமல் உடலை நிறுத்தத் தெரியாதவர் பவளத்தின் அருகே போகவே கூடாது. காலில் மாட்டிய துடுப்பு ஒருமுறை பட்டால் போதும், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே வளரும் கிளை முறிந்துவிடும். பத்து துண்டு நட்டுவிட்டு இருபதை முறித்துத் திரும்பியவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தாய்லாந்தின் மாயா விரிகுடாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து இறங்கிய அந்தச் சிறு கடற்கரையை 2018-ல் மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் கட்டுப்பாடுகளோடு திறந்தார்கள். பவளத்துண்டுகளையும் அங்கே நட்டார்கள் என்பது உண்மை. ஆனால் மனிதக் கால்கள் விலகி நின்றதுதான் அந்த இடத்துக்குக் கிடைத்த பெரிய மருந்து. கரிமுனைச் சுறாக்கள் அந்தக் கரையோரம் திரும்பி வந்தன.

ஆமைக்குஞ்சைக் கையில் ஏந்திய படம்

வெளிநாட்டு ஆமைத் திட்டம் ஒன்றின் விளம்பரத்தில் தொண்டர்கள் குஞ்சுகளைக் கையில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தால், அங்கே போகாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காரணம் இதுதான். மணலைப் பிளந்து வெளியே வரும் குஞ்சின் வயிற்றில் மஞ்சள்கரு கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்தச் சத்தை வைத்துக்கொண்டுதான் முதல் ஒன்றிரண்டு நாட்கள் ஓயாமல் நீந்தி, கரையோரத்துப் பகைகளைத் தாண்டி ஆழ்கடலை அடைகிறது. பயணிகள் பகலில் வந்து பார்க்கட்டும் என்று குஞ்சுகளைச் சிமெண்ட் தொட்டியில் வைத்திருக்கும் பொரிப்பகங்கள் உண்டு. நீந்தும் வேகம் தொட்டிச் சுவரில் வீணாகிறது. பிறகு ஒரு மாலை, படம் எடுப்பதற்காகக் கடலில் விடுகிறார்கள். சோர்ந்த குஞ்சு எத்தனை தூரம் போகும்?

நல்ல பொரிப்பகம் எப்படி இருக்கும் என்பதைச் சென்னையிலேயே பார்க்கலாம். முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள், நூறுக்கு மேற்பட்ட முட்டைகளைப் புரட்டாமல் எடுத்து, தாய் ஆமை தோண்டிய அதே குடுவை வடிவத்தில் குழி வெட்டிப் புதைப்பார்கள். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம்தான் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகள் பெருகும். அதனால் வெப்பத்தைக் கண்காணிப்பதும் நிழல் போடுவதும் பொரிப்பக வேலையின் பகுதி. ஏறக்குறைய 45 நாள் கழித்துக் குஞ்சுகள் வெளிவந்ததும் தாமதமின்றிக் கடலுக்கு அனுப்புவார்கள். இந்த ஒழுங்கை ஒரு பருவம் கண்ணால் பார்த்தவருக்கு, வெளிநாட்டில் காட்டப்படுவது பாதுகாப்பா, காட்சிச்சாலையா என்பது அங்கே போய் அரைமணி நேரத்தில் புரிந்துவிடும். உள்ளூரில் ஒரு பருவமாவது நடந்துவிட்டுப் போங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

விசாவும் தரகரும்

சம்பளம் வாங்கவில்லை என்பதால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. பல நாடுகள் தொண்டுப் பணிக்குத் தனி விசா கேட்கின்றன. நம் நாட்டையே பாருங்கள்: இங்குள்ள தொண்டு நிறுவனத்தில் ஒரு மாதத்துக்கு மேல் பணிபுரிய வரும் வெளிநாட்டவருக்கு வேலைவாய்ப்பு விசா தேவை, அதற்குச் சுற்றுலா விசா செல்லாது. "விமான நிலையத்தில் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு தரகர் சொன்னால், பொய்யைச் சொல்லப் போவது நீங்கள், திருப்பி அனுப்பப்படப் போவதும் நீங்கள். அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தைப் பாருங்கள், எழுத்தில் கேளுங்கள், பதிலை அச்சிட்டுப் பையில் வையுங்கள்.

"தங்குமிடம் இலவசம், மாதாமாதம் சம்பளமும் உண்டு, உடனே கிளம்புங்கள்" என்று வரும் அழைப்பு இதைவிட ஆபத்தானது. 2022-ல் தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, அரசு தலையிட்டு மீட்கப்பட்டார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் முகவரின் பெயர் இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும் இருக்கிறது.

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டாக வேண்டும். கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிறுவனத்தில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். அது இல்லாமல் கென்யாவிலிருந்தோ பிரேசிலிலிருந்தோ திரும்பினால், நம் ஊர் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைக்க நேரலாம்.

கடற்கரையில் வளர்ந்தவருக்கு நீச்சல் தெரியும் என்பது

சென்னையில் பிறந்து, வாரந்தோறும் மெரினாவில் கால் நனைத்து, நீந்தவே தெரியாமல் வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஆழ்கடல் மூழ்கலில் பரவலாகத் தரப்படும் அடிப்படைச் சான்றிதழுக்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். இதை அங்கே போய்க் கற்கலாம் என்று போனால், கட்டிய பணத்தில் பாதி நீச்சல் குளத்திலேயே கரைந்துவிடும். வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் மூன்று மாதம் காலையில் போய் வாருங்கள். குளத்தில் கை கால் பழகியபின் கோவளத்தில் அலைச்சறுக்கு கற்றுத்தரும் மீனவ இளைஞர்களிடம் போங்கள். அலை எங்கே உடைகிறது, இழுவை எந்தப் பக்கம் போகிறது என்று அவர்கள் காட்டித் தருவதை எந்தக் குளமும் சொல்லித் தராது.

மூழ்கும் முன் ஒரு உடல்நலப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, காது அறுவை, இதயக் கோளாறு உண்டா என்று வரிசையாகக் கேட்கும். ஒன்றுக்கு 'ஆம்' என்றால் மருத்துவர் கையெழுத்து வேண்டும், தீவில் மருத்துவர் இருக்க மாட்டார். அதனால் பலர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். சிறுவயதில் மூச்சிரைப்பு இருந்ததை மறைத்து 18 மீட்டர் ஆழத்துக்குப் போவது விளையாட்டல்ல. இங்கேயே மருத்துவரைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிச் செல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால், கரையிலும் படகிலும் செய்ய நிறைய வேலை இருக்கிறது.

விமான டிக்கெட்டோடு சேர்த்து விற்கும் பயணக் காப்பீடு பெரும்பாலும் ஆழ்கடல் மூழ்கலையும் மலையேற்றத்தையும் ஏற்காது. விலக்குகள் பட்டியலை வரி விடாமல் படியுங்கள். ஆழ வரம்பு எழுதியிருக்கிறதா, மூழ்கியதால் வரும் உடல் பாதிப்புக்கு அழுத்த அறையில் தரும் சிகிச்சைக்கும் தீவிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும் பணம் தருவார்களா என்று கேளுங்கள். இன்னொன்று, கடலைவிட வாடகை ஸ்கூட்டர்தான் தென்கிழக்கு ஆசியாவில் நம் பிள்ளைகளை அதிகம் படுக்க வைக்கிறது என்பது நான் கண்டது. அந்த நாட்டில் செல்லும் ஓட்டுநர் அனுமதி இல்லாமல் ஓட்டி விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும்.

சாகசப் பகுதியில் பலர் செய்யும் தவறு, அழைத்துப் போகிறவரை எதுவும் கேட்காமல் பின்னால் நடப்பது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. வழிக்கு அனுமதி இருக்கிறதா, இந்த மாதத்தில் அந்த இடம் பாதுகாப்பானதா, திரும்பி வர இன்னொரு பாதை உண்டா என்று கேட்பது அவமரியாதை ஆகாது. எந்த நாட்டு வழிகாட்டியிடமும் கேளுங்கள். பருவத்தையும் பாருங்கள். தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியிருக்கும். கல்லூரி விடுமுறைக்காகக் கடல் திறக்காது.

அங்குள்ள மீனவரைக் குற்றவாளியாகப் பார்ப்பது

போனவுடன் வலையைப் பார்த்துக் கோபப்படுபவர்கள் உண்டு. மாலத்தீவில் கைவிடப்பட்ட வலைகளில் சிக்கும் ஆமைகளை மீட்க 2013-ல் ஆலிவ் ரிட்லி திட்டம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அங்கே உள்ளூர் மீனவர்கள் சூரையைத் தூண்டிலில்தான் பிடிக்கிறார்கள். வலைகள் வெளியிலிருந்து மிதந்து வருகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் நீரோட்டம் வங்கக் கடலிலிருந்து மேற்கே போகிறது. இந்தியா, இலங்கைப் பக்கத்திலிருந்தும் வலைகள் போய்ச் சேர்வதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவற்றில் பெரும்பாலும் சிக்குவது நாம் நீலாங்கரையில் தேடி நடக்கும் அதே பங்குனி ஆமை. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் சென்னைக் கரைகளில் இறந்து ஒதுங்கியதையும் நாம் பார்த்தோம். அதனால் அந்நியக் கரையில் இறங்கும்போது நாம் குறைசொல்லும் இடத்தில் இல்லை. முதல் வாரம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊர் மொழியில் இருபது சொற்களாவது கற்றுக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பெண்கள் சமைக்கும் வீட்டில் தங்க முடிந்தால் அங்கே தங்குங்கள்.

திரும்பும்போது

பல முறை மூழ்கியவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கடைசி நாளில் மலையேறாமல், கடலிலும் மூழ்காமல் அதைக் காலியாக வையுங்கள்.

பையைக் கட்டும்போது கரையில் பொறுக்கிய பவளத்துண்டை வெளியே எடுத்து வையுங்கள். நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடல் குதிரையும் கடல் அட்டையும்கூட அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவைதான். மலையேற்றத்துக்கென்று வாங்கிய செயற்கைக்கோள் தொடர்புக் கருவி இருந்தால் அதையும் அங்கேயே நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். முன் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் மீனம்பாக்கத்தில் காவல்துறை வரை போகும்.