மொக்கைப் படத்துக்கு நக்கல் பேச்சு ஒலிப்பதிவு செய்வது எப்படி?

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, ஹட்டன் பக்கத்தில் எங்கள் காம்பராவில் எட்டுப் பேர் உட்கார்ந்து ஒரு மொக்கைப் படம் பார்த்தோம். ஹீரோ ஆற்றில் விழுந்து எழுகிறார். சட்டை காய்ந்தே இருக்கிறது. "லயத்துல மூணு நாளாக் கொடியில தொங்குற சட்டை காயல, இவருக்கு மூணு செக்கன்ல காஞ்சிருச்சு" என்றார் பெரியம்மா. அதற்குப் பிறகு படத்தை யார் பார்த்தது? பண்டாரவளை மச்சானுக்கும் இதைக் கேட்கக் கொடுக்க வேண்டுமென்று தொடங்கிய வேலைதான் இது.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே பக்கத்தில் நின்று கிண்டலடிப்பான், அதே குசும்புதான். அமெரிக்காவில் 1988இல் ‘மிஸ்ட்ரி சயன்ஸ் தியேட்டர் 3000’ என்று தொடங்கினார்கள்: ஒரு ஆளும் ரோபோ பொம்மைகளும் திரைக்கு முன்னால் நிழலாக உட்கார்ந்து மட்டமான படங்களைக் கலாய்ப்பார்கள். அதிலிருந்து வந்தவர்கள் 2006இல் தொடங்கிய ‘ரிஃப்ட்ராக்ஸ்’ பேச்சை மட்டும் தனி ஒலிக்கோப்பாக விற்றது. நாமும் அப்படித்தான் செய்யப் போகிறோம். படத்தை அவரவர் தேடிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

1. படம் தேர்வு. வேண்டுமென்றே மோசமாக எடுத்த படம் வேண்டாம், அது தானே சிரித்துக்கொள்ளும். இயக்குநர் உயிரைக் கொடுத்து எடுத்துச் சொதப்பிய படமாகப் பாருங்கள்.

2. ஒருமுறை பார்த்து, வசனம் இல்லாத இடங்களின் நேரத்தைக் கொப்பியில் குறியுங்கள். அங்கேதான் பேச வேண்டும். ஹீரோ முட்டாள்தனமாகப் பேசும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள், நம் பகிடிக்கு அதுதானே முதல்.

3. பதிவு. படத்தின் சத்தம் ஹெட்செட்டில், உங்கள் குரல் போனில். மைக் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். தகரத்தில் மழை விழுந்தால் எந்த மைக்கும் தோற்றுவிடும். தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுங்கள். வெட்டி ஒட்ட ஒடாசிட்டி என்ற ஒலி மென்பொருள், இலவசம்.

4. படத்தோடு பொருத்துவது. நான் இரண்டு வாரம் மண்டை காய்ந்தது இங்கேதான். தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து மச்சான் போன் எடுத்து, "ஹீரோவோட அம்மா செத்துக்கிட்டு இருக்கா, நீங்க சட்டை காஞ்சதைப் பேசுறீங்களே" என்றான். நான் பேச்சைத் தள்ளி வைத்து அனுப்பினேன். அந்த இடம் சரியானது, முன்னால் உள்ளதெல்லாம் பிசகியது.

விசயம் இதுதான். நான் பார்த்தது கடையில் வாங்கிய PAL என்ற டிவி முறை டிவிடி, செக்கனுக்கு 25 சட்டகம் (அசையும் படத்தின் ஒவ்வொரு தனிப்படம்). அவன் பார்த்தது இணையத்தில், 24 சட்டகம். அதனால் அதே படம் எனக்குக் கொஞ்சம் வேகமாக ஓடும். அவனுக்கு 150 நிமிடம் ஓடும் படம் எனக்கு 144 நிமிடத்தில் முடிந்துவிடும். அவனுடைய 60ஆவது நிமிடத்தில் வரும் காட்சிக்கு என் பகிடி 2 நிமிடம் 24 செக்கன் முந்திவிடும்.

அதனால் படத்தின் தொடக்கத்திலும் கடைசியிலும் ஒவ்வொரு காட்சியை இரண்டு பிரதியிலும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஒரே அளவென்றால் தள்ளி வைத்தால் போதும். கூடிக்கொண்டே போனால் வேகம்தான் கோளாறு. ஒடாசிட்டியில் டெம்போவை (பேச்சின் வேகத்தை) 4 சதவீதம் குறையுங்கள், குரல் தடிக்காது. அல்லது கேட்பவர் வீஎல்சி என்ற பிளேயரில் பேச்சை 0.96 வேகத்தில் ஓட்டலாம்.

5. அனுப்புவது. வட்ஸ்அப்பில் வொய்ஸாக அல்ல, டொக்கியுமெண்டாக அனுப்புங்கள்.

பின்சேர்க்கை: "எங்கே பிளே அழுத்துவது?" என்று பலர் கேட்டிருந்தார்கள். தணிக்கைச் சான்றிதழிலோ புகைத்தல் எச்சரிக்கையிலோ தொடங்காதீர்கள், சில பிரதிகளில் அவை இருக்காது. படத்தின் பெயர் திரையில் விழும் கணத்தில் "மூணு, ரெண்டு, ஒண்ணு" சொல்லிக் கைதட்டிப் பதிவு செய்யுங்கள். கேட்பவர் தன் படத்தில் பெயர் விழுவதையும் அந்தக் கைதட்டலையும் ஒன்றாகப் பொருத்திக்கொண்டால் போதும்.

இன்னொரு பின்சேர்க்கை: தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி, நடுவில் திடீரென்று நாலு நிமிடம் தாண்டுகிறது என்று எழுதியிருந்தார். அவருடைய பிரதியில் ஒரு பாட்டையே வெட்டியிருக்கிறார்கள். இப்போது இடைவேளையில் உடைத்து இரண்டு கோப்பாகத்தான் அனுப்புகிறேன். அந்தப் பாட்டுக்குத்தான் பெரியம்மா அதிகம் பேசியிருந்தார், அதைத் தனியாக அனுப்பிவிட்டேன்.