தமிழ் எழுத்துரு தாமதமாக வருகிறதா? இணைப்புகளை எண்ணிப் பாருங்கள்

என் பதிவைத் திறந்தால் முதலில் வேறு எழுத்துருவில் வரிகள் தெரியும். அப்புறம் சட்டென்று நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாறும். படித்துக்கொண்டிருந்த வரி கீழே நழுவிவிடும். படங்களைச் சுருக்கிப் பார்த்தேன், ஸ்கிரிப்ட்களைக் குறைத்தேன், மாற்றமே இல்லை. கோப்புகளைக் கேட்க பிரவுசர் சர்வர்களோடு திறக்கும் இணைப்புகளைக் கவனித்த பிறகுதான் காரணம் பிடிபட்டது.

ஒரு புது இணைப்புக்கு, தொடர்பை ஏற்படுத்தும் டிசிபி சர்வருக்கு ஒரு முறை போய்வர வேண்டும், அதைக் குறியாக்கிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் 1.3 இன்னொரு முறை. சர்வருக்குப் போய்வர 200 மில்லிநொடி ஆகிறது என்று வையுங்கள். கோப்பைக் கேட்பதற்கு முன்பே 400 மில்லிநொடி போய்விடுகிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பில் கேட்டால் இந்தச் செலவே கிடையாது.

படி 1. குரோமில் எஃப்12, நெட்வொர்க் பக்கம். பட்டியலின் தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து ப்ரோட்டோகால், கனெக்‌ஷன் ஐடி இரண்டையும் டிக் செய்யுங்கள். அன்றாடம் நான் ஃபயர்ஃபாக்ஸ்தான். ஆனால் இந்த வேலைக்கு குரோமே வசதி.

படி 2. பக்கத்தை ரீலோட் செய்து ஐடிகளைப் பாருங்கள்; ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ஐடி. ப்ரோட்டோகால் நெடுவரிசையில் எச்டிடிபி 1.1 (பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையின் பழைய பதிப்பு) என்றால் ஒரே தளத்துக்கு அதிகபட்சம் 6 இணைப்புகள். ஏழாவது கோப்பு வரிசையில் நிற்கும். எச்டிடிபி 2 என்றால் அந்தத் தளத்தின் கோப்புகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஐடியில் வரும்.

(பின்சேர்க்கை: "எனக்கு இணைப்பு நேரமே காட்டவில்லை" என்று, படி 3-இல் வரும் டைமிங் பகுதியைப் பற்றி இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ரீலோட் செய்யும்போது பழைய இணைப்பு திறந்தே இருக்கும், அதனால்தான். முகவரிப் பட்டையில் குரோம்://நெட்-இன்டர்னல்ஸ்/#சாக்கெட்ஸ் என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, ஃப்ளஷ் சாக்கெட் பூல்ஸ் பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி பாருங்கள். பிரவுசர் ஏற்கெனவே சேமித்து வைத்த கோப்பை (கேஷ்) எடுத்துக்கொள்ளாமல் இருக்க, நெட்வொர்க் பக்கத்தில் டிசேபிள் கேஷ் டிக்கும் வேண்டும்.)

படி 3. என்னை இரண்டு நாள் சுற்றவைத்த இடம் இது. நான் எழுத்துருவை எடுத்த கூகுள் ஃபான்ட்ஸில், எழுத்துரு எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஸ்டைல்ஷீட் கூகுள்ஏபிஐஸ் முகவரியிலிருந்து வரும். எழுத்துருக் கோப்பு ஜிஸ்டாட்டிக் முகவரியிலிருந்து வரும். ஸ்டைல்ஷீட்டைப் படித்து முடிக்கும் வரை இரண்டாவது முகவரி பிரவுசருக்குத் தெரியாது. அதனால் ஜிஸ்டாட்டிக்குக்கு முன்கூட்டியே இணைப்பைத் திறந்துவைக்கச் சொல்லி, பக்கக் குறியீட்டின் ஹெட் பகுதியில் பிரீகனெக்ட் லிங்க் ஒன்றைப் போட்டேன். ஒன்றும் மாறவில்லை.

எழுத்துரு வரியைக் கிளிக் செய்து டைமிங் பகுதியைத் திறந்தேன். இனிஷியல் கனெக்‌ஷன் என்ற ஆரஞ்சுப் பட்டை அப்படியே இருந்தது. அதாவது நான் திறந்துவைத்த இணைப்பைப் பிரவுசர் தொடவே இல்லை, புதிதாக இன்னொன்றைத் திறந்திருக்கிறது. காரணம் இதுதான்: குக்கீ (தளம் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு) அனுப்பக்கூடிய கோரிக்கைகளுக்கு ஒரு இணைப்பு, குக்கீ இல்லாமல் போகிறவற்றுக்கு வேறு இணைப்பு என்று பிரவுசர் பிரித்து வைக்கிறது. வேறு தளத்தின் எழுத்துரு குக்கீ இல்லாத வழியில்தான் போகும். லிங்க் டேகில் கிராஸ்ஆரிஜின் என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்த்ததும் அந்த ஆரஞ்சுப் பட்டை மறைந்தது. கூகுள் ஃபான்ட்ஸ் தரும் குறியீட்டில் அந்தச் சொல் இருக்கிறது; கையால் தட்டச்சு செய்தபோது நான்தான் விட்டுவிட்டேன். ஸ்டைல்ஷீட் முகவரிக்கு அந்தச் சொல் வேண்டாம்.

கண்ட தளத்துக்கெல்லாம் பிரீகனெக்ட் போடாதீர்கள். 10 நொடிக்குள் பயன்படாத இணைப்பைக் குரோம் மூடிவிடும். திறந்த செலவு வீண்.

இப்போது நான் எழுத்துருவை என் சர்வரிலேயே வைத்துவிட்டேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். இரண்டாவது தளம் என்ற பேச்சே இல்லை. "பிற தளங்களில் இறங்கிய எழுத்துரு கேஷில் இருக்குமே" என்ற பழைய வாதம் 2020-இல் குரோம் 86 கேஷைத் தளவாரியாகப் பிரித்ததோடு போய்விட்டது.

படி 4. சொந்த சர்வர் என்றால் எச்டிடிபி 2 இயங்குகிறதா என்று ப்ரோட்டோகால் நெடுவரிசையில் உறுதிசெய்யுங்கள். நான் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். சும்மா இருக்கும் இணைப்பை அது இயல்பாக 75 நொடி திறந்து வைத்திருக்கும். அதை மாற்ற எனக்குத் தேவை வந்ததில்லை.

(பின்சேர்க்கை: என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பில் எச்டிடிபி 2-ஐத் தனி வரியாகப் போட்டால் பிழை வருகிறது என்று ஒருவர் கேட்டார். அந்தத் தனி வரி என்ஜின்எக்ஸ் 1.25.1 முதல்தான். அதற்கு முந்தைய பதிப்பு என்றால் லிசன் வரியின் கடைசியிலேயே எச்டிடிபி2 என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும்.)