ஹஸ்கி வாங்குமுன் வீட்டைச் சோதித்துப் பாருங்கள்

நீலக் கண்ணில் மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். சைபீரியன் ஹஸ்கி நம் வீட்டுக்குச் சரிப்படுமா என்பதை நாய் இல்லாமலேயே ஒரு வாரத்தில் சோதித்துவிடலாம்.

முதலில் வெயில். வடகிழக்கு சைபீரியாவில் சுக்சி மக்கள் பனிவண்டி இழுக்க வளர்த்த இனம் இது. உள்ளே பஞ்சு மாதிரி ஓர் அடுக்கு, மேலே நீள முடி என்று இரட்டை ரோமம். சென்னையில் என் நண்பர் வீட்டு ஹஸ்கி, மே மாத மதியத்தில் குளியலறை டைல்ஸில் வயிறு ஒட்டப் படுத்து இரைத்துக்கொண்டே கிடக்கும். அதைத் தாண்டித்தான் குளிக்கப் போக வேண்டும். ஆகவே கரன்ட் போனால் உங்கள் இன்வெர்ட்டர் ஏசியைத் தாங்குமா என்று பாருங்கள். மொட்டையடித்தால் குளுமை என்பார்கள், கேட்காதீர்கள். வெயில் தோலில் படாமல் காப்பதே அந்த முடிதான். வெட்டினால் பழையபடி வளராமலும் போகலாம்.

அடுத்து, காலை 5 மணிக்கு அலாரம் வைத்து ஏழு நாளும் ஒரு மணி நேரம் வேகமாக நடங்கள். மாலையில் புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும். நான்காம் நாளே போர்வையை இழுத்து மூடினீர்கள் என்றால் மேலே படிக்க வேண்டாம்.

அப்புறம் காம்பவுண்டு சுவர், கேட். ஹஸ்கி தாவும், குழி தோண்டும். பக்கத்து வீட்டில் கோழி இருந்தால் வம்புதான்.

குணத்தையும் யோசியுங்கள். பனிவண்டிக்கு முன்னால் ஓடும் நாய், பனிக்கட்டி உடையும் என்று தோன்றினால் கட்டளையை மீறியாவது நிற்க வேண்டும். 1925-ல் அலாஸ்காவின் நோம் நகருக்கு டிப்தீரியா மருந்தைப் பனிவண்டி அணிகள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோனபோது, மிக நீண்ட தூரம் ஓடிய அணிக்கு டோகோ என்ற ஹஸ்கிதான் தலைமை. அந்தச் சுயபுத்திதான் நீங்கள் "வா" என்றதும் நின்று யோசிக்கிறது. திறந்த வெளியில் சங்கிலியைக் கழற்றவே கூடாது. காவலுக்கும் ஆகாது; திருடனிடமும் வாலாட்டும். கூப்பிட்டதும் ஓடிவர வேண்டும் என்றால் தெருவிலேயே நல்ல குட்டிகள் இருக்கின்றன.

கடைசியாக முடி. வருடத்தில் இரண்டு தடவை கொத்துக்கொத்தாகக் கொட்டும், சோற்றிலும் விழும். எல்லோரையும் உட்கார வைத்து, "தினம் யார் சீவி விடுவது?" என்று கேளுங்கள். எல்லோரும் அம்மாவைப் பார்த்தால், நாய் வேண்டுமா என்று அம்மாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.